தண்ணீர் மட்டும் வேண்டாம்

ஒரு துண்டு வாங்குவதென்றாலும் மூன்று கடை ஏறி இறங்குகிற ஆள் சார் நான். வாங்கிய பிறகும் நாலாவது கடையில் விலை விசாரித்து வயிறெரிவேன். அப்படிப்பட்டவன் கேமராவுக்கு இன்சூரன்ஸ் எடுப்பதென்றால் எவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டிருப்பேன் என்று பாருங்கள். நீங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து நஷ்டத்தை மதிப்பிட வந்தவர், உங்களுக்குப் புரியும். போலீசுக்குப் போன் போட வேண்டுமானால் போடுங்கள், நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன். அந்தப் படத்தையும் கவிழ்த்து வைக்க வேண்டாம். நான் எடுத்ததுதானே, இருக்கட்டும்.

கல்யாணங்களுக்குப் படம் எடுப்பது என் பிழைப்பு. முன்னால் ஒரு சின்னக் கடை, பின்னால் திரை கட்டிய அறை, இரண்டு கேமரா, சில லென்ஸ், விளக்குகள். எல்லாவற்றையும் வைக்கிற அந்தக் கறுப்புப் பையை என் மனைவி ‘சின்ன வீடு’ என்பாள். “உங்க சின்ன வீட்டுக்கு வேர்க்குதாம், ஃபேனைப் போட்டு விடுங்க” என்று கிண்டல் செய்வாள். நான் உண்மையிலேயே எழுந்துபோய் ஃபேனைப் போட்டுவிட்டு வருவேன்.

அவளுடைய அண்ணன், என் மச்சான், எலெக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வந்து தட்டி பிடிப்பார். வெயிலை முகத்துப் பக்கம் திருப்பிவிடுகிற பெரிய வெள்ளித் தட்டி அது. கூலி கேட்டதில்லை. நானும் கொடுத்ததில்லை. சொந்தக்காரருக்குக் கூலி கொடுத்தால் மனசு நோகும் என்று அவர் சார்பில் நானே முடிவு செய்துவிட்டேன். தட்டியைப் பிடித்திருக்கும் அவர் விரல்கள் சில படங்களின் ஓரத்தில் வந்து விழும். தடித்த விரல்கள், எப்போதும் ஏதாவது ஒன்றில் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். ராத்திரி கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவற்றை எடுத்துவிடுவேன். அதில் எனக்கு நல்ல பழக்கம்.

ஏஜென்ட் அம்மா கடைக்கு வந்த அன்றைக்கும் மச்சான் இருந்தார். ஸ்டூல் மேல் நின்று என் கடை ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தார், அதுவும் ஓசிதான். அந்த அம்மா தீ, திருட்டு, கீழே விழுவது, வண்டியில் அடிபடுவது, தண்ணீர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் தனி விலை.

“தண்ணி மட்டும் வேண்டாம்மா,” என்றேன். “கல்யாண மண்டபத்துல எங்கேருந்து வெள்ளம் வரப்போகுது?”

“போட்டுருங்க மாப்ளே,” என்றார் மச்சான் மேலேயிருந்து. “மழை வந்தா கேமராவுக்குக் குடை புடிச்சிட்டு நீங்க நனையறீங்க. நாளைக்கு உங்களுக்கு ஜன்னி வந்தா என் தங்கச்சி என்னைத்தான் திட்டுவா.”

“கூட வேலை செய்றவங்களுக்கும் விபத்துக்குச் சேர்க்கலாம் சார், கொஞ்சம்தான் கூட ஆகும்,” என்றார் அந்த அம்மா.

“இவரு வேலையாள் இல்லம்மா. சொந்தம்.”

மச்சான் ஸ்க்ரூவைப் பல்லில் கடித்தபடியே சிரித்தார். “அதானே. கேமரா உடைஞ்சா வேற வாங்கணும். மச்சான் உடைஞ்சா தானா ஒட்டிக்குவான்.”

நானும் சிரித்தேன். தண்ணீரையும் விட்டேன், ஆளையும் விட்டேன். மிச்சம் பிடித்த பணத்தில் பைக்கு ஒரு புது உறை வாங்கினேன். என்ன புத்திசாலி பாருங்கள்.

அதற்கப்புறம் ஒரு கல்யாண ஜோடிக்கு ஏரி நடுவில் படகில் வைத்துப் படம் வேண்டும் என்று ஆசை. கேமராவைத் தண்ணீர் மேல் கொண்டுபோக எனக்கு இஷ்டமே இல்லை. ஆனால் வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லை. அவர்கள் படகைப் படகுக்காரரே ஓட்டிக்கொண்டு முன்னால் போனார். பின்னால் இன்னொரு சின்னப் படகில் நானும் மச்சானும், துடுப்பு என் கையில். படகுக்காரர் எங்களுக்கு இரண்டு மிதவைச் சட்டை கொடுத்திருந்தார். ஒன்றை நான் போட்டுக்கொண்டேன். இன்னொன்று மச்சான் மேல் இருந்ததைப் பார்த்ததும் எனக்கு யோசனை வந்தது.

“மச்சான், இதைப் பைக்குக் கட்டிடலாமா? தண்ணிக்கு இன்சூரன்ஸ் இல்ல.”

“எனக்கு நீச்சல் தெரியாதுன்னாவது தெரியுமா மாப்ளே?”

“கரை இங்கதான இருக்கு.”

அவர் சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். பையைச் சுற்றி வாரை இறுக்கியதும் அவர்தான். முடிச்சுப் போட்டுவிட்டு, குழந்தையைத் தட்டுவதுபோல் பையை இரண்டு தட்டுத் தட்டினார். எனக்கு நீச்சல் நன்றாகவே தெரியும். அதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் எப்படியும் கேட்பீர்கள்.

வெயில் சாய்ந்த நேரம். அந்தப் பெண்ணின் முகத்தில் வெளிச்சம் போதவில்லை. “எழுந்து நின்னு புடிங்க மச்சான். இன்னும் கொஞ்சம் வலப்பக்கம். இன்னும் கொஞ்சம்.” காற்று தட்டியைப் பிடித்து இழுத்தது, அவரும் தட்டியோடு போனார்.

உடனே மேலே வந்துவிட்டார். வந்து படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். படகு அந்தப் பக்கம் சாய்ந்தது, என் காலடியிலிருந்த பை வழுக்கிக்கொண்டு அவரை நோக்கிப் போனது. கழுத்தில் தொங்கிய கேமரா மேல் தண்ணீர் தெறித்தது. அப்படியொரு பயம் என் வாழ்க்கையில் வந்ததில்லை.

“மாப்ளே, கை குடுங்க.”

“ஒரு நிமிஷம் மச்சான். அப்படியே இருங்க.”

படம் எடுக்கும்போது எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போனது. அவரும் சொன்னபடி அப்படியே இருந்தார். கைதான் வழுக்கிவிட்டது. படகு சட்டென்று நிமிர்ந்ததில் பை மறுபக்கம் தண்ணீரில் விழுந்தது. ஆனால் முழுகவில்லை, அழகாக மிதந்தது. மச்சான் கட்டிய முடிச்சாயிற்றே, அவிழுமா? நான் அதை இழுத்துப் போட்டேன். பக்கத்து ஜிப் திறந்திருந்ததில் ஒரு லென்ஸுக்குள் மட்டும் தண்ணீர் போய்விட்டது. அதற்கப்புறம் கத்தினேன். முன்படகு திரும்பி வந்து அவரைத் தூக்கியபோது உயிர் இல்லை.

துக்க வீட்டுக்கு ஏஜென்ட் அம்மா வந்திருந்தார். என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, போகும்போது என்னை ஓரமாக அழைத்தார். “ஒரு உயிரைக் காப்பாத்தப் போயி பொருள் கெட்டுதுன்னா, தண்ணி சேர்க்காட்டியும் கம்பெனி குடுக்கும் சார். உங்க பாலிசியிலயே இருக்கு.”

எனக்கு மண்டையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. மொத்தப் பையையும் ஏரியில் தூக்கிப் போட்டுவிட்டு அவரை இழுத்திருந்தாலும் ஒரு பைசா நஷ்டமில்லை. மூன்று கடை ஏறி இறங்குகிறவன், கடைசிப் பக்கத்தைப் படிக்கவில்லை. அன்றைக்குத்தான் நான் அழுதேன். எல்லாரும் மச்சானுக்காக என்று நினைத்து, தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவிவிட்டார்கள்.

அதனால்தான் அந்த ஒரு லென்ஸுக்குப் பணம் கேட்டு விண்ணப்பித்தேன். மச்சானைக் காப்பாற்றப் போனபோது கெட்டது என்று எழுதினேன். நீங்கள் கேமராவைக் கேட்டீர்கள், கொடுத்தேன். உள்ளே கார்டு இருந்தது. கல்யாணப் படங்களைப் பிரதி எடுத்துவிட்டோமே என்று அலட்சியம். இந்தக் கடைசிப் படம் அதில் இருப்பது, சத்தியமாக, எனக்கே நினைவில்லை.

“இதை எப்ப எடுத்தீங்க?” என்று கேட்டீர்கள். பையை இழுத்துப் போட்ட பிறகு. கேமரா நனைந்திருந்ததல்லவா, துண்டால் துடைத்தேன். துடைத்தால் வேலை செய்கிறதா என்று ஒரு தடவை அமுக்கிப் பார்ப்போம், இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். எந்தப் பக்கம் திருப்பினேன் என்று பார்க்கவில்லை. வெளிச்சம் இருந்த பக்கம். அங்கே மச்சான் இருந்திருக்கிறார். நெற்றி தெரிகிறது, ஒரு கை தெரிகிறது, டேப் சுற்றிய விரல்கூடத் தெளிவாக இருக்கிறது. கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு அப்போது எவ்வளவு நிம்மதி தெரியுமா?

இவ்வளவு சொன்ன பிறகு மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். கை வழுக்கவில்லை. அவர் பிடி எலெக்ட்ரீஷியன் பிடி, அது எங்கே வழுக்கும்? படகு சாய்ந்துகொண்டே இருந்தது. விளிம்பில் அவர் விரல்கள் தெரிந்தன. நான் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். வலிக்காமல்தான் எடுத்தேன். படகு நிமிர்ந்ததும் திரும்பப் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று என் மனைவி, “ஏங்க, இத்தனை வருஷம் உங்ககூடவே அலைஞ்சாரே, அண்ணன் தனியா இருக்கிற படம் ஒண்ணுகூடவா எடுக்கல?” என்று கேட்டாள். இல்லை என்றேன். இது ஒன்றுதான் இருக்கிறது. அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அவளிடம் கொடுத்துவிட வேண்டாம்.

ஆனால் ஒன்று, நான் பாடம் படிக்காதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஏஜென்ட் அம்மாவிடம் போன வாரமே சொல்லி, தண்ணீரையும் சேர்த்துப் போட்டுவிட்டேன். இனிமேல் யார் வேண்டுமானாலும் என்னோடு படகில் தைரியமாக வரலாம் சார்.