மெல்லிசு டயர்

வள்ளியூரிலிருந்து திருநெல்வேலி போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். பெரியவர்தான் ஆரம்பித்தார்.

"காரு வீட்டுல நிக்கையில பஸ்ல ஏம்லே வாற?"

"ஓட்டவே பிடிக்கல, அண்ணாச்சி. போன வருசம் டயர் மாத்துனேம்லா? பெரிய ரிம்மு, மெல்லிசு டயரு. பாக்க எடுப்பா இருந்துச்சு. பழசையும் புதுசையும் பக்கத்துல நிறுத்தி அளந்தேன். உயரம் ஒண்ணுபோல இருந்துச்சு. ஸ்பீடு மீட்டர்கூட மாறாதுன்னு கடைக்காரர் சொன்னாவ."

"பொறவு என்னலே?"

"அந்தப் பங்குனி உத்திரத்துக்கு அப்பா எங்ககூட கார்ல குலசாமி சாத்தா கோயிலுக்கு வரல. 'சோலி கெடக்கு, நீங்க போயிட்டு வாங்க'ன்னுட்டாவ. ஒரு வருசமும் தவறாத மனுசன். எம்மேல என்னமோ கோவம்னு நெனச்சு நானும் வற்புறுத்தல."

பெரியவர் டிக்கெட்டை நாலாக மடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் கழிஞ்ச பொறவு அம்மா சொல்லுதா, காரு குழியில விழும்போதெல்லாம் பின்சீட்டுல அப்பாவுக்கு நடுமுதுகுல குத்துமாம். ரப்பர் மெல்லிசுல்லா? 'பய ஆசப்பட்டு மாத்திருக்கான், சொல்லாத'ன்னுட்டாவளாம்."

"பழைய டயரே போட்டிரலாம்லா?"

"போட்டாச்சு, அண்ணாச்சி. இப்பம் குழியே தெரியல. கண்ணாடியில பாத்தா பின்சீட்டு காலியாக் கெடக்கு."