பின்பெட்டி

ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். எனக்கு முன்னால் மூன்று பேர் உட்காரும் சீட்டில் இரண்டு பேர்தான். ஜன்னலோரம் இருந்தவர் மில் காக்கிச் சட்டையில் இருந்தார். தன் தோப்பைச் சுற்றித் தண்டவாளம் போட்டு, ஆள் உட்காரும் அளவுக்குச் சின்ன நீராவி ரயில் செய்து ஓட்டுகிறவர் என்பது பேச்சில் தெரிந்தது.

"காலையில வெறும் வண்டியத்தாம்லே சுத்த விட்டேன். கிணத்தைத் தாண்டுனதும் ஆள் ஏறுன மாதிரி முக்கி முக்கி வருது."

"நீராவி கொறஞ்சிருக்கும் அண்ணாச்சி," என்றார் பக்கத்திலிருந்த இளையவர்.

"மீட்டர்ல முள்ளு எறங்கல. பின்பெட்டி ஸ்பிரிங்தான் அமுங்கியிருக்கு."

"நிறுத்திப் பாக்கலியா?"

"நிறுத்துனா எறங்கிருமே! அதான் கூடவே நடந்து, கரியப் போட்டுத் தண்ணிய விட்டு ஓட்டிக்கிட்டே இருந்தேன்."

"அப்ப இப்ப யாரு ஓட்டுதா?"

"ஒத்த ஆளு எம்புட்டு நேரம் ஓட்ட? கரி தீந்து வண்டி நின்னுட்டு. நேரா பஸ் ஏறிட்டேன்."

இளையவர் சிரித்தார். காக்கிச் சட்டைக்காரர் சிரிக்கவில்லை. ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு, "செத்த தள்ளி உக்காருலே," என்றார்.

"யாருக்கு அண்ணாச்சி?" என்று கேட்டபடியே இளையவர் நடுவில் இடம் விட்டு ஓரத்துக்கு நகர்ந்தார்.

பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவர் யாருமில்லை.