பதினாலுக்கு ஒரு ரசீது

— காளைக் கயித்த விடு, வெங்கி. பத்து மணிக்கு ஏலக் கொட்டகையில நிக்கணும், கேட்டியா.

— ஒரு நிமிஷம், பிலிப். தண்ணி குடிக்கட்டும்.

— மூணாவது தடவ குடிக்கான். வயிறு வெடிச்சிரும் மக்கா.

— வெயில்ல போறானோல்லியோ. உன் ட்ரெய்லர்ல ஃபேன்கூட இல்லை.

— மாட்டுக்கு ஃபேனா! நாகர்கோவில்ல எனக்கே ஃபேன் கெடயாது. கவுண்டி டாக்ஸ் ஆபீஸ்காரன் லெட்டர்ல என்ன போட்டிருக்கான்? நீயே சொல்லு.

— மூணு வருஷமா ஒரு மாடுகூட விக்கலை, இது பண்ணையே இல்லை, ஆசைக்கு வளக்கறதுன்னு. வெள்ளிக்கிழமைக்குள்ள வித்த ரசீதைக் காட்டலைன்னா, பேர்லேண்ட் டவுன்ல வீட்டு மனைக்குப் போடற டாக்ஸை இங்கயும் போடுவான். அதைக் கட்ட முடியாம இந்தப் பத்து ஏக்கர் எங்க கையை விட்டுப் போயிடும்.

— பொறவு என்ன? டெக்சாஸ்ல விவசாயம்னா மொதல்ல மாட்டுக்கறி, அதுக்குப் பொறவுதான் பருத்தி, சோளமெல்லாம். நாம போன மாடு வளக்குற ஈவினிங் கிளாஸ்ல பாடம் எடுத்த அம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாவ. நீதான் நோட்டு போட்டு எழுதுன.

— எழுதினேன். 'விக்கற மாட்டுக்குப் பேர் வைக்காதே'ன்னு அடிக்கோடுகூடப் போட்டேன்.

— போட்டுட்டு வச்சியே.

— வைக்கலையே! காதுல தொங்கற நம்பர்தான். பதினாலு.

— 'பதினாலூ'ன்னு நீ கூப்பிட்டா வேலி ஓரத்துலருந்து ஓடி வாரான். ஒன் பொண்டாட்டி ஜலஜா 'பதினாலுக்குட்டி'ன்னு கொஞ்சுதா. இதுக்கு நீ ஒழுங்கா முருகன்னே வச்சிருக்கலாம்.

— பிலிப், நீயே வாங்கிக்கோயேன். அதுவும் விற்பனைதானே? ரசீது கிடைக்கும்.

— நானா? ஞாயித்துக்கெழம கறி இல்லன்னா எங்க வீட்ல சோறே எறங்காது. பூனகிட்ட கருவாட்டக் குடுத்துப் பாத்துக்கிடச் சொல்லுத.

— உன் ஆத்துக்காரி கிருபாராணி சமையல்ல நான் தலையிடலை. இவனை மட்டும் விட்டுடு. சத்தியம் பண்ணு.

— எது மேல?

— உன் ஃப்ரீசர் மேல.

— நல்ல ஆளுடே நீ!

— சிரிக்காதே. உனக்கென்ன, உன் மாடுகளை யோசிக்காம அனுப்பிடுவே. என்னால முடியலைப்பா.

— சரி, சரி. அங்க நில்லு, கதவத் தெறக்கேன்.

— ஒரு நிமிஷம். உள்ள ஏற்கனவே ஒரு மாடு நிக்கறதே! யாரோடது?

— என்னோடதுதான்.

— அப்போ இதை முதல்ல கொட்டகையில இறக்கிட்டு வந்திருக்கலாமே?

— விடிஞ்சதுலருந்து ரெண்டு தடவ கொட்டகை வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன் மக்கா. எனக்கும் அதே லெட்டர்தான் வந்திருக்கு. ஒன்னோடத நான் வாங்கிக்கிடுதேன், இவள நீ வாங்கிக்கிடுதியா?