இருட்டறையில் காலைப் பிடித்த கை

எலும்புக்குள் ஒளிந்த நோயை இருட்டறையில் இமை கொட்டாது தேடிய எங்கள் தலைவியே! பெருமதிப்பிற்குரிய மருத்துவர் அம்சவேணி அம்மையீர்! நீங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில் கதிரியக்கப் பிரிவின் கனிந்த வணக்கம்.

எக்ஸ்ரே திரையின் மங்கிய ஒளிக்குக் கண் பழகுவதற்காகச் சிவப்புக் கண்ணாடி அணிந்து வராந்தாவில் நடப்பீர்கள். புதிய நோயாளிகள் சுவரோடு ஒதுங்குவார்கள். கண்ணாடியைக் கழற்றாமலே காரணத்தை விளக்குவீர்கள். அதனால் அச்சம் குறைந்ததாக எங்களுக்கு நினைவில்லை.

பேரணாம்பட்டுத் தோல் கம்பெனியில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்த சர்தார் பாஷாவை 1978இல் கொண்டுவந்தார்கள். சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள சுரப்பியின் புற்று முதுகெலும்புக்குப் பரவி, கால்கள் தளரத் தொடங்கியிருந்தன. எக்ஸ்ரேயில் தெரியும் சாய எண்ணெயை முதுகுத்தண்டுக்குள் செலுத்தி, மேசையைத் தலைப்பக்கம் சாய்த்தோம். சாயம் ஊர்ந்து வந்து, புற்று நரம்புத்தண்டை நசுக்கிய நடுமுதுகில் நின்றுவிட்டது. அறுவை மருத்துவர் நந்தகோபால், பின்பக்க எலும்பை வெட்டி நரம்புத்தண்டுக்கு உடனே வழிதிறக்க வேண்டும் என்றார். அரங்கும் தயாராக இருந்தது.

அப்போது பாஷா இருட்டில் கேட்டார்: "யாரு என் காலைப் புடிச்சிக்கினு இருக்கறது? விடச் சொல்லும்மா."

கால்மாட்டில் ஒருவரும் இல்லை. உதவியாளர் வேலு கதவைத் திறந்து வெளியே போய்விட்டார்.

நீங்கள் மட்டும் அருகே சென்றீர்கள். "எங்க புடிச்சிருக்குது, பாய்?"

"இடது கணுக்கால்ல. ஐஸ் மாதிரி கை."

"உதறிப் பாருங்க."

பெருவிரல் மயிரிழை அளவு அசைந்ததை, அவர் பாதத்தில் வைத்த உங்கள் உள்ளங்கை உணர்ந்தது.

பிறகு எங்களுக்கு விளக்கினீர்கள். நசுங்கும் நரம்புத்தண்டு இல்லாத கையை இருப்பதாகச் சொல்லும். ஆனால் செத்த தண்டு எதையும் சொல்லாது. உயிர் மிச்சமிருப்பதால் கதிர் சிகிச்சைக்கு நேரமிருக்கிறது. முதுகெலும்பின் முன்பாதிதான் பாரம் தாங்குவது. புற்று அதைத் தின்றிருக்க, பின்பாதியையும் வெட்டினால் உடல் எதில் நிற்கும்? இந்தப் புற்றோ கதிருக்குச் சுருங்கக்கூடியது.

நோய் தீராது என்பதையும் பாஷாவிடமும் மனைவி சைராவிடமும் மறைக்கவில்லை. "கால் நிக்குமா?" என்று மட்டும் பாஷா கேட்டார்.

"உறுதி இல்ல பாய். கத்தி வெச்சா நிக்காதுன்னுதான் பயப்படறேன்."

அவர் கதிரைத் தேர்ந்தார். வீக்கம் குறைக்கும் ஊசியும் கோபால்ட் கதிரும் அன்றே தொடங்கின. அந்தக் கை விரல் விரலாக விட்டது என்றார் பாஷா. கடைசி விரல் விட்ட அன்று எழுந்து நின்றார்.

மறு ஆண்டு சைரா தனியாக வந்து உங்களிடம் சொன்னார்: "கடைசி நாள் வரைக்கும் கக்கூசுக்குத் தானாத்தான் நடந்து போனாரு, டாக்டரம்மா."

அம்மையீர்! நீங்கள் விரும்பும் இடமெல்லாம் உங்கள் சொந்தக் கால்களே நெடுங்காலம் உங்களைக் கொண்டு செல்லட்டும்!

அன்புடன்,
கதிரியக்கப் பிரிவு ஊழியர்கள்
வேலூர், 1984