தலைவி கடைசிக்குத் தள்ளிவைத்த பெயர்

மேடையில் அமர்ந்திருக்கும் குடியிருப்போர் மன்றத் துணைத்தலைவர் தோன் நெஃப்தலி அவர்களே, ஜெபம் நடத்திய பாதிரியார் அவர்களே, வீட்டுவசதி அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் அதிகாரி அவர்களே, பதினான்கு கட்டடங்களிலிருந்தும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இந்தக் கூடைப்பந்து மைதானத்துக்கு இறங்கி வந்திருக்கும் கான்யா ஆல்தா குடியிருப்பின் மக்களே!

மன்றச் செயலாளர் யாரித்சா பேசுகிறேன். பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன், எப்படி என்றுதான் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நம் தலைவி தோன்யா ஒப்துலியா கின்யோனஸ் என் வாசலில் நின்றார். என் மகளைப் பறிக்காத குறையாக வாங்கி நெஞ்சில் காது வைத்தார். "மூச்சு இன்னும் விசிலடிக்குதே! சுவத்துப் பூசணத்த போட்டோ எடுத்தியா? எடுக்கல. படிச்ச பொண்ணுன்னு பேரு வேற!" என்று திட்டினார். பதினொன்றேகாலுக்கு ஆறாம் கட்டடத்துப் படியில் கிடந்தார். இடையில் ஒன்றேகால் மணி நேரம்தான்! கையில் பெயர் சேர்க்கும் படிவங்கள் கசங்காமல் அப்படியே இருந்தன. இதயம் நின்றுவிட்டதாம். அறுபத்து மூன்று வயது. ஒரு நாள் படுத்தவரா அவர்? ஒரு மாத்திரை விழுங்கியவரா? நம்புகிறீர்களா நீங்கள்? நான் இன்னும் நம்பவில்லை.

இந்தக் கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்று வண்ணப்படங்கள் கொண்டுவந்தார்களே, அந்த நாள் நினைவிருக்கிறதா? எல்லோரும் அழகாக இருக்கிறது என்றோம். அவர் மட்டும் எழுந்தார். "மரம் இருக்கு, நாய் இருக்கு, சைக்கிள் இருக்கு. நாங்க எங்கய்யா?" அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்ததுதான் எழுத்துப்பூர்வமான உறுதிமொழி: வாடகை ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர் அத்தனை பேரும் புது வீட்டுக்குத் திரும்பலாம்.

பெயர் உள்ளவர்! அங்கேதான் நாம் மாட்டிக்கொண்டோம். புயலில் கூரை பறிகொடுத்த சொந்தங்கள் ஒரு பையோடு இரண்டு வாரத்துக்கு வந்தார்கள். ஒன்பது வருடம் ஆகிவிட்டது. அடுத்த மாதம் போய்விடுவார்கள் என்றே சொல்லிச் சொல்லி, ஒருவரும் அவர்களைப் பதிவு செய்யவில்லை. தோன்யா ஒப்துலியா ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறினார். தோன் நெஃப்தலியின் வீட்டில் நானும் உடனிருந்தேன்.

"யாருய்யா இது?"

"என் மச்சினி, தலைவியம்மா. விருந்தாளிதான். அடுத்த மாசம் கெளம்பிருவா."

"எந்த வருசத்து அடுத்த மாசம்? திரைச்சீலை அவ தச்சது. நாய் அவ பேச்சத்தான் கேக்குது. நீயே அவளக் கேட்டுட்டுதான் வெளிய போற. இந்த வீட்டுல விருந்தாளி நீதான்யா! எழுது அவ பேர!"

சிரித்துக்கொள்ளுங்கள், தோன் நெஃப்தலி. நாம் சிரித்தால் அவருக்குப் பிடிக்கும். அப்படி எழுதவைத்த பெயர்கள் இருநூற்று ஆறு. இல்லையென்றால் வீதியில் நின்றிருக்கவேண்டிய இருநூற்று ஆறு பேர்!

இப்போது நான் சொல்லப்போவதைக் கேளுங்கள். அடக்கத்துக்கு நீல உடை எடுக்க அவர் வீட்டு அலமாரியைத் திறந்தேன். அவருடைய வாடகை ஒப்பந்தம் அதில் இருந்தது. ஒரே ஒரு பெயர். அவர் தம்பி எலிஹியோ, அதே புயலுக்கு அதே போல் ஒரு பையோடு வந்தவர், அவர் பெயர் இல்லை! அவரைச் சேர்க்கும் படிவம் அதற்கடியில் இருந்தது. எல்லாம் நிரப்பியிருந்தது. கையெழுத்து மட்டும் இல்லை.

படிவத்தை எலிஹியோவிடம் நீட்டினேன். அவர் சொன்னார்: "தலைவி தன் வீட்டுப் பேர மொதல்ல எழுதினா ஊரு என்ன பேசும்னா அக்கா. எல்லாரும் முடியட்டும், கடைசியா நம்மளதுன்னா. நானும் சரின்னுட்டேன்."

எங்கள் தலைவியே, என்ன காரியம் செய்தீர்கள்! எங்களைத் திட்டித் திட்டி எழுதவைத்த கை, உங்கள் வீட்டில் மட்டும் ஏன் தயங்கியது?

ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவர் இறந்தால், பெயரில்லாதவர் பதினைந்து நாளில் காலி செய்யவேண்டும். புது வீட்டுக்குத் திரும்புவோர் பட்டியல் வெள்ளிக்கிழமை மூடப்படுகிறது. எலிஹியோவுக்கு இருப்பது ஒரே வழி. காகிதம் இல்லாதவருக்காக, இருபது அயலவர்கள் கூட்டத்தில் அதிகாரி முன் வாய்விட்டுச் சாட்சி சொன்னால் போதும் என்று ஒரு விதி இருக்கிறது. அதையும் தோன்யா ஒப்துலியாதான் சண்டை போட்டு எழுதவைத்தார்.

அதிகாரி இருக்கிறார். நடவடிக்கைக் குறிப்பேடு என் கையில் இருக்கிறது. இனி வெள்ளிக்கிழமை வரை ஒவ்வொரு படியும் நான் ஏறுவேன். விடுபட்ட கடைசிப் பெயர் வரை எழுதுவேன். இதை உங்கள் முன் உறுதி கூறுகிறேன். ஆனால் இரண்டு நிமிட மௌனத்துக்கு எழச் சொல்லமாட்டேன். இன்று நாம் மௌனமாக இருக்கக்கூடாது. எழுந்து நின்று, பெயரும் கட்டடமும் சொல்லி, எலிஹியோவை அந்த வீட்டில் எப்போது பார்த்தீர்கள் என்று உரக்கச் சொல்லுங்கள்.

நான் தொடங்குகிறேன். யாரித்சா, ஆறாம் கட்டடம். ஏழு வருடங்களுக்கு முன் சாவியைத் தொலைத்துவிட்டு மழையில் நனைந்து அவர்கள் கதவைத் தட்டினேன். தலைவி வெளியே போயிருந்தார். பாதி முகம் சோப்பு நுரையோடு எலிஹியோ திறந்தார். "ஏம்மா நிக்கிற? உள்ள வா, இது நம்ம வீடுதான்" என்றார்.

நம்ம வீடு என்றார். எழுதிக்கொள்ளுங்கள், அதிகாரி அவர்களே.

அடுத்தவர் எழுந்திருங்கள்.