ஜூலை மாசத்துக் கிறிஸ்மஸ்

இல்ல தம்பி, அதை உள்ள வைங்க. பழைய சினிமா போட்டோவுக்கெல்லாம் பளபளன்னு கவர் போட்டு, விளக்கு வெளிச்சத்துல சாய்ச்சு வச்சிருக்கீங்களே, அதெல்லாம் இந்த பர்பேங்க் ஊர்ல எந்தக் கடைக்குப் போனாலும் கிடைக்கும். எனக்கு அந்தக் கால நடிகை டெல்ஃபின் ஆர்ச்சரோட கிறிஸ்மஸ் படம் ஒண்ணு வேணும். மரத்துக்குப் பக்கத்துல ஏப்ரன் கட்டிக்கிட்டு நிப்பாளே, அது. ஆமா, உங்ககிட்ட நாலஞ்சு இருக்கு, பார்த்தேன். அது இல்ல. பத்திரிகையில வந்தது எனக்கு வேண்டாம். வராமப் போனதுல ஒண்ணு இருக்கு. அதுல அவ மூஞ்சி எப்படி இருக்குன்னு பார்க்கணும், அவ்வளவுதான்.

ரசிகையா? நானா? நல்லாக் கேட்டீங்க போங்க.

இந்தா, இவ்வளவு விலை ஒட்டி வச்சிருக்கீங்களே, இதையே பாருங்க. இது எந்த மாசம் எடுத்ததுன்னு நினைக்கிறீங்க? ஜூலை. பத்திரிகைக்காரனுக்கு அஞ்சாறு மாசம் முந்தியே படம் போய்ச் சேரணும்ல, அதனால இந்த ஊர்ல ஸ்டாருங்க வீட்டுக் கிறிஸ்மஸ் எல்லாமே வேகாத வெயில்லதான். ஜன்னலுக்கு வெளிய கொட்டிக் கிடக்கே பனி, அது வெள்ளைச் சாயம் போட்ட கார்ன்ஃபிளேக்ஸ். வான்கோழி மினுங்குதே, வார்னிஷ். பரிசுப் பெட்டி பூரா காலி. படத்துல விழாம ஒருத்தன் ஐஸ் கட்டிக்குப் பின்னாடி ஃபேனை வச்சுக்கிட்டு அவளுக்குக் காத்து காட்டிக்கிட்டு இருந்தான். இதை வாங்கிட்டுப் போய் கூடத்துல மாட்டி, அந்தக் காலம் மாதிரி வருமான்னு பெருமூச்சு விடுறதுக்கும் ஆள் இருக்கு பாருங்க.

இதுல ஏப்ரன் வேற. அடுப்படிப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுத்தவ இல்ல அவ. ஒரு முட்டை வேகணும்னாலும் ஹுல்டா வரணும். ஹுல்டா யாருன்னா சமையல்காரி, ஸ்வீடன்காரி. நான் அந்த வீட்டுலதானே வளர்ந்தேன். ஆமா ஆமா, ஹுல்டா மகள்னுதான் வெளியில சொல்லுவாங்க.

அந்த மேசைக்கு அடியில அட்டைப்பெட்டி இருக்கே, அதுல என்ன? ஓட்டை விழுந்த படமா? அதைத்தாங்க எடுக்கச் சொல்றேன். எது, ஃபைல்ல கோக்கிறதுக்குப் போட்ட ஓட்டையா? யாரு சொன்னா உங்களுக்கு? ஃபைல்ல கோக்கிறவன் நடு மூஞ்சியில போடுவானா? நல்லா வியாபாரம் பண்றீங்க போங்க.

பெரிய ஸ்டாருங்களுக்குக் கான்ட்ராக்ட்லயே ஒரு உரிமை உண்டு. எடுத்த படம் பிடிக்கலைன்னா கொன்னுடலாம். அப்படித்தான் சொல்லுவாங்க, கொல்றதுன்னு. ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் படத்தை மேசையில அடுக்கிக்கிட்டு உட்காருவா. கையில ரயில் டிக்கெட்டுல ஓட்டை போடுவாங்களே, அந்த மாதிரி ஒண்ணு. தாடை மடிஞ்சிருந்தா டக். மூக்கு நிழல் கோணலா விழுந்தா டக். எப்பவும் தன் மூஞ்சியிலதான் போடுவா. அந்த மூஞ்சி மேல ஊரே பைத்தியமா அலைஞ்சுது, அவளுக்குத்தான் அதைக் கண்டாலே ஆகாது. அவ ஓட்டை போட்டுட்டா ஸ்டுடியோவுல நெகட்டிவை அழிச்சிடுவாங்க. மிஞ்சினது இந்தக் குப்பைதான்.

தள்ளுங்க, நானே பார்க்கிறேன். உங்களுக்கு அடையாளம் தெரியாது.

அந்தக் கிறிஸ்மஸ் படம் எடுத்த அன்னைக்கு என்னை அடுக்களையை விட்டு வரக் கூடாதுன்னு உட்காரவச்சிருந்தாங்க. கேமரா வர்ற நாள்னா அப்படித்தான். கதவு இடுக்கு வழியா பார்த்தா மரம், பெட்டி, ரிப்பன். சின்னப் பிள்ளைக்கு ஜூலை என்ன, டிசம்பர் என்ன? எனக்குத்தான் வச்சிருக்காங்கன்னு நினைச்சு ஒரே ஓட்டம். நேராப் போய் அவ இடுப்பைக் கட்டிக்கிட்டு ஏப்ரன்ல மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டேன். எமெரின்னு ஒரு போட்டோக்காரர், கைப் பழக்கத்துல கேமரா பட்டனைத் தட்டிட்டார். அடுத்த நிமிஷம் விளம்பர ஆபீஸ் ஆள் என்னைப் பூனைக்குட்டி மாதிரி தூக்கிட்டுப் போய் ஹுல்டாகிட்ட விட்டான்.

டெல்ஃபின் என்னைத் திட்டலை. கொஞ்சவும் இல்ல. போன வருஷம் சாகிற வரைக்கும் அதைப் பத்தி வாயே திறக்கல. நானும் கேக்கல. மூஞ்சியைப் புதைச்சிருந்தேனா, அப்ப அவ முறைச்சாளா, அருவருத்தாளான்னு எனக்குத் தெரியாமலே போச்சு. அதுக்குத்தான் சந்தை சந்தையா உங்களை மாதிரி ஆளுங்க பெட்டியைக் கிளறிக்கிட்டுத் திரியறேன். முறைச்சுத்தான் இருப்பா. வேற என்ன செய்யத் தெரியும் அவளுக்கு?

இருங்க. அதைக் குடுங்க. கொஞ்சம் நகர்ந்து நில்லுங்க தம்பி, வெளிச்சத்தை மறைக்கிறீங்க.

ம்.

இந்தா, சின்னப் பிள்ளை ஒண்ணு தெரியுதா? தலை இருக்கிற இடத்துல ஓட்டை. ஜடை மட்டும் தொங்குது. கெட்டிக்காரி, குறி தப்பல. மேல அவ மூஞ்சியைப் பாருங்க. தாடை ரெண்டா மடிஞ்சு கிடக்கு, ஒரு கண்ணு மூடிப்போயிருக்கு, வாயில கடைவாய்ப் பல்லு வரைக்கும் தெரியுது. வேற படமா இருந்தா அங்கதானே டக்குன்னு விழுந்திருக்கும்? இதுல அதைத் தொடவே இல்ல.

வேண்டாம், கெட்டுப்போனதுன்னு சும்மாக் குடுக்க வேண்டாம். நல்லதாவும் மாத்திக் குடுக்க வேண்டாம். கவரும் வேண்டாம், கையிலயே கொண்டுபோறேன்.

யாரு, அந்தப் பிள்ளையா? நான்தான். கல்யாணம் ஆகாதவளுக்குப் பிள்ளை இருக்குன்னு தெரிஞ்சா ஸ்டுடியோவுல அன்னைக்கே கதவைச் சாத்தியிருப்பான், அதான் சமையல்காரி மகள் ஆயிட்டேன். எங்கம்மா சிரிச்சு நான் சினிமாவுலதான் பார்த்திருக்கேன் தம்பி. இவ்வளவு அசிங்கமாச் சிரிப்பான்னு எனக்குத் தெரியாது.