கல்லோடு வந்து ட்ரில் வாங்கியவர்கள்

போடியில் ஒரு இரும்புக் கடையில் ஆணி வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா, பையிலிருந்து ஒரு கருங்கல்லை எடுத்து மேஜையில் வைத்தார்.

"எங்க வீடு கட்டுன கல்லுல மிச்சம்ணே. குரங்கணியிலருந்து சொமந்து வர்றேன். பேட்டரி ட்ரில்லு இதுல ஓட்டை போட்டாத்தான் வாங்குவோம்."

கடைக்காரர் சிரித்தார். "கல்லோட வந்து யாரும் ட்ரில்லு கேட்டதில்லம்மா."

"எங்க ஏலக்காய மட்டும் யாவாரிக சாம்பிள் பாக்காம எடுக்குறாகளா?"

கூட வந்த கணவர் நெளிந்தார். "வெல கொறஞ்சதக் குடுங்கண்ணே, போதும்."

"என்னத்தப் போதும்? மக பிரசவத்துக்கு வர்றா. குளிக்கிற எடத்துல கைப்பிடி வேணும். அங்க பிளக்கும் இல்ல."

விலை குறைந்த ட்ரில் கல்லில் வெள்ளைக் கோடுதான் போட்டது. "இது மரத்துக்குத்தான் ஆகும்" என்று கடைக்காரரே ஒப்புக்கொண்டு, இடித்துக்கொண்டே துளைக்கும் இன்னொன்றை எடுத்தார். விலை கொஞ்சம் கூடுதல். அது கல்லில் இறங்கியது.

"நீங்க ஒண்ணு போட்டுப் பாருங்க" என்று கடைக்காரர் அதைக் கணவரிடம் கொடுத்தார். அவர் அழுத்தியதும் முனை வழுக்கிக்கொண்டு ஓரத்துக்கு ஓடியது.

அந்த அம்மா அதை வாங்கி, கணவரைக் கல்லைப் பிடிக்கச் சொல்லி, நேராக ஒரு ஓட்டை போட்டார்.

"கடையில எல்லாரும் பாக்குறாக, அதான் கை நழுவிருச்சு. வீட்டுல நான் நிதானமாப் போட்டுருவேன்" என்றார் கணவர்.

"வீட்டுலயும் நாந்தான் போடுவேன். அந்தக் கைப்பிடியப் பிடிச்சு நிக்கப்போறது எம்மக."